சட்டப் பட்டம் கையில் இருக்கு... ஆனா இன்னும் வழக்கறிஞர் இல்லை! நடுவில் இருக்கும் அந்த ஓராண்டு எதற்கு?

பட்டமளிப்பு விழாப் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போன அன்றே "நம்ம வீட்டு லாயருக்கு வாழ்த்துகள்" என்று பெரியப்பா பதில் போட்டுவிடுவார். சந்தோஷம்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை இன்னும் வழக்கறிஞர் இல்லை.

மருத்துவம் படித்தவர் மருத்துவமனையில் ஓராண்டு பயிற்சி மருத்துவராக இருந்த பிறகுதான் முழுமையாகத் தொழில் நடத்த முடியும். கிட்டத்தட்ட அதே மாதிரி, சட்டம் படித்தவரும் ஓர் அனுபவசாலியின் கீழ் வேலை கற்றுக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் அந்தக் காலம் நெடுங்காலமாக ஆறு மாதம்தான். 2024ல் தொடங்கி அது ஓராண்டு.

அந்த ஓராண்டு பல்கலைக்கழகம் கொடுப்பதில்லை. ஏதோ ஒரு சட்ட நிறுவனம் உங்களை எடுத்துக்கொண்டால்தான் கிடைக்கும். அதனால்தான் சட்ட மாணவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே அதைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

சட்டம் படிக்க யோசிப்பவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள், "எப்பதான் சம்பளம் வரும்?" என்று கேட்கும் பெற்றோர் எல்லாருக்கும் இந்த விளக்கம்.

பட்டத்துக்கும் கறுப்பு அங்கிக்கும் நடுவில் என்னென்ன?

முதல் படி, சட்டப் பட்டம். சிங்கப்பூரில் 3 பல்கலைக்கழகங்கள் அதைத் தருகின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் பழையது. அதன் சட்டக் கல்வி 1950களில் தொடங்கியது. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி 2007ல் வந்தது. மூன்றாவதாகச் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் 2017ல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. குற்றவியல் வழக்கு, குடும்ப வழக்கு ஆகியவற்றில் ஆள் பற்றாக்குறை இருந்ததால் அது அந்த இரண்டிலும் கூடுதல் கவனம் செலுத்துகிறது.

வெளிநாட்டில் படித்தவர்களுக்கு ஒரு படி கூடுதல். அரசாங்கம் அங்கீகரித்த பட்டியலில் உள்ள பல்கலைக்கழகத்தில் படித்திருக்க வேண்டும். பிறகு 'பகுதி ஏ' தேர்வு. உள்ளூர் மாணவர்கள் வகுப்பில் படித்த சிங்கப்பூர்ச் சட்டத்தை இவர்கள் தேர்வெழுதி நிரூபிக்க வேண்டும். குற்றவியல் சட்டம், நிறுவனச் சட்டம், நிலச் சட்டம், சான்றுச் சட்டம் போன்றவை அதில் வரும்.

அடுத்து, எல்லாருக்கும் பொதுவான 'பகுதி பி' தேர்வு. 2011ல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர்ச் சட்டக் கல்விக் கழகம் அதை நடத்துகிறது. இதில் தத்துவம் கிடையாது, நடைமுறைதான். சிவில் வழக்கை எப்படித் தொடுப்பது, குற்றவியல் வழக்கை எப்படி நடத்துவது, வீடு கைமாறும்போது என்ன பத்திரம் போடுவது, வாடிக்கையாளரின் பணத்தை எப்படிக் கையாள்வது என்ற மாதிரி.

அதற்கும் மேல், நாம் பேசப்போகும் ஓராண்டுப் பயிற்சி.

கடைசியாக, உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகச் சேர்த்துக்கொள்ளப்படும் சடங்கு. தலைமை நீதிபதி முன்னிலையில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சேர்வார்கள். அன்றுதான் அங்கி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொடக்கக் கல்லூரியை முடித்த ஆண், தேசிய சேவை முடித்து 20, 21 வயதில் பல்கலைக்கழகம் போகிறார். பட்டத்துக்கு 4 ஆண்டு. பகுதி பி, பயிற்சி இரண்டும் சேர்ந்து இன்னும் சுமார் ஒன்றரை ஆண்டு. முதல் முழுச் சம்பளம் வரும்போது வயது 26, 27. அவருடன் படித்த பொறியியல் நண்பர் அதற்குள் சுமார் ஒன்றரை ஆண்டு வேலை பார்த்து முடித்திருப்பார்.

பயிற்சி ஒப்பந்தம் என்றால் என்ன?

சட்ட நிறுவனமும் பட்டதாரியும் செய்துகொள்ளும் ஒப்பந்தம் அது. மாணவர்கள் வாயில் 'டிசி'. "டிசி கிடைச்சிடுச்சா?" என்பதுதான் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி.

ஒப்பந்தப்படி ஒரு மேற்பார்வை வழக்கறிஞர் உங்களுக்குப் பொறுப்பு. உங்களுக்கு வேலை கொடுப்பது மட்டும் அவர் கடமை இல்லை. வேலை கற்றுக்கொடுக்கவும் வேண்டும். நீங்கள் ஒழுங்காக, அக்கறையாகப் பயிற்சி செய்தீர்கள் என்று முடிவில் சான்று அளிப்பவரும் அவர்தான். அந்தச் சான்று இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது.

இங்கேதான் விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது. கற்றுக்கொடுப்பவர், வேலை வாங்குபவர், சான்று கொடுப்பவர், பிறகு நிரந்தர வேலைக்கு எடுப்பவர் எல்லாம் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மறுபக்கத்தில் 24 வயதுப் பட்டதாரி. நல்ல மேற்பார்வையாளர் வாய்த்தால் அந்த ஓராண்டு வாழ்நாள் முழுக்கப் பயன்படும். வாய்க்காவிட்டால் ஓராண்டு நகலெடுப்பதிலேயே போய்விடலாம்.

சட்ட நிறுவனம் மட்டும்தான் வழி என்றில்லை. தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் போன்ற அரசாங்கச் சட்டப் பிரிவுகளில் சேர்ந்து தகுதி பெறுபவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் நிறுவனங்களுக்குத்தான் போகிறார்கள்.

ஆறு மாதம் ஏன் ஓராண்டு ஆனது?

2016ல் நீதிபதி குவென்டின் லோ தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. வழக்கறிஞர்களுக்கான தொழில் பயிற்சி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. 2018ல் வெளியான பரிந்துரைகளில் மூன்று முக்கியமானவை.

ஒன்று, பயிற்சிக் காலத்தை ஆறு மாதத்திலிருந்து ஓராண்டாக்குவது.

இரண்டு, பகுதி பி தேர்வைக் கடினமாக்குவது.

மூன்று, வழக்கறிஞர் பட்டியலில் சேர்வதையும் பயிற்சி முடிப்பதையும் பிரிப்பது.

2023ல் நாடாளுமன்றம் வழக்கறிஞர் தொழில் சட்டத்தைத் திருத்தியது. 2024ல் பகுதி பி எழுதியவர்களிலிருந்து புதிய முறை.

ஆறு மாதத்தில் என்ன குறை? ஒரு சிவில் வழக்கு தொடங்கி முடிய ஆறு மாதம் போதாது. ஒரு நிறுவனத்தை இன்னொன்று வாங்கும் பேச்சுவார்த்தைக்கும் அதே கதை. பயிற்சிக்கு வந்தவர் ஒரு வழக்கின் நடுப்பகுதியை மட்டும் பார்த்துவிட்டுப் போவார். எப்படி ஆரம்பித்தது என்று தெரியாது. எப்படி முடிந்தது என்றும் தெரியாது. இரண்டு துறைகளைத் தொட்டுப்பார்க்கவும் நேரம் இருக்காது. நிறுவனத்துக்கும் இவர் எப்படிப்பட்டவர் என்று கணிக்க ஆறு மாதம் குறைவு.

ஓராண்டு என்றால் அதற்கெல்லாம் இடம் இருக்கிறது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. பயிற்சிக்காலத்தில் கிடைப்பது பயிற்சித் தொகை. முழு வழக்கறிஞரின் சம்பளம் கிடையாது. அந்தத் தொகை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். பெரிய நிறுவனத்தில் கூடுதலாக இருக்கலாம். இரண்டு, மூன்று வழக்கறிஞர்கள் மட்டுமே உள்ள சின்ன அலுவலகத்தில் குறைவாக இருக்கலாம். கல்விக் கடனைக் கட்டத் தொடங்க வேண்டிய, வீட்டுச் செலவில் பங்கு போட வேண்டிய பிள்ளைக்குக் கூடுதலாக வந்த அந்த ஆறு மாதம் சின்ன விஷயம் இல்லை.

எனவே ஓராண்டு நல்லதா கெட்டதா என்றால், அந்தக் கூடுதல் ஆறு மாதத்தில் உண்மையாகவே கற்றுக்கொடுக்கிறார்களா என்பதைப் பொறுத்தது.

இடம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்?

இது கற்பனைப் பயம் இல்லை. சுமார் பத்தாண்டுக்கு முன்பு உண்மையிலேயே நடந்தது.

2014 வாக்கில் பிரிட்டனுக்குப் போய்ச் சட்டம் படித்துத் திரும்பிய சிங்கப்பூரர்களின் எண்ணிக்கை வேகமாகக் கூடியது. சுமார் 650 பேர் பயிற்சி இடம் தேடினார்கள். சுமார் 490 இடங்கள்தான் இருந்தன. அப்போதைய சட்ட அமைச்சர் கா. சண்முகம், தேவைக்கு மேல் ஆள் வந்துவிட்டது, மாணவர்கள் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகவே எச்சரித்தார்.

2015ல் அரசாங்கம் அங்கீகரிக்கப்பட்ட பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் பட்டியலை 19லிருந்து 11 ஆகக் குறைத்தது. லீட்ஸ், மான்செஸ்டர், ஷெஃபீல்டு, சவுத்ஹாம்ப்டன் போன்றவை பட்டியலிலிருந்து போயின. 2016ல் சேர்ந்தவர்களிலிருந்து அது பொருந்தியது. வெளிநாட்டில் சட்டம் படிக்க நினைப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது: பல்கலைக்கழகத்தின் உலகத் தரவரிசை எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் சரி, அது சிங்கப்பூரின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே பாருங்கள். சட்ட அமைச்சின் இணையத்தளத்தில் இந்த விவரம் கிடைக்கும்.

பழைய முறையில் ஒரு வேதனை இருந்தது. பட்டம் வாங்கி, பகுதி பி தேர்விலும் தேறியவருக்குப் பயிற்சி இடம் மட்டும் கிடைக்கவில்லை என்றால் எல்லாமே அங்கேயே நின்றுவிடும். வழக்கறிஞர் பட்டியலில் பெயர் ஏறாது. ஐந்து ஆண்டு உழைப்பு, கடைசிக் கதவில் தாழ்ப்பாள்.

மூன்றாவது பரிந்துரை அதைத்தான் தொடுகிறது.

'தொழில் நடத்தாத வழக்கறிஞர்' யார்?

புதிய முறையில், பகுதி பி தேறியவர் ஓராண்டுப் பயிற்சி முடிக்காமலேயே வழக்கறிஞர் பட்டியலில் சேர விண்ணப்பிக்கலாம். அவருக்கு 'வழக்கறிஞர் (தொழில் நடத்தாதவர்)' என்று பெயர்.

அவரால் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. தொழில் நடத்துவதற்கான சான்றிதழுக்கும் விண்ணப்பிக்க முடியாது. அப்படியென்றால் என்ன பயன்?

வங்கியின் சட்டப் பிரிவுக்கோ, தொழில்நுட்ப நிறுவனத்துக்கோ, பல்கலைக்கழக ஆய்வுக்கோ போக நினைப்பவருக்கு அது ஒரு தொழில்முறை அங்கீகாரம். சட்டம் படித்த எல்லாரும் நீதிமன்றம் போவதில்லை. அவர்களும் பயிற்சி இடத்துக்காக வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்றால், உண்மையிலேயே வாதாட நினைப்பவர்களுக்கு நெரிசல் குறையும்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. வாதாட வேண்டும், சொந்தமாக அலுவலகம் திறக்க வேண்டும் என்றால் ஓராண்டுப் பயிற்சி கட்டாயம். அதற்குக் குறுக்கு வழி இல்லை.

நிறுவனங்கள் எப்படி ஆள் எடுக்கின்றன?

பட்டம் வாங்கியபிறகு விண்ணப்பிக்கலாம் என்று நினைத்தால், பெரிய நிறுவனங்களைப் பொறுத்தவரை ரொம்பத் தாமதம்.

பெரும்பாலும் விடுமுறை வேலைப்பயிற்சியில்தான் ஆரம்பிக்கிறது. மே முதல் ஆகஸ்ட் வரையுள்ள நீண்ட விடுமுறையிலும் டிசம்பரிலும் மாணவர்கள் சில வாரங்கள் நிறுவனங்களில் வேலை பார்ப்பார்கள். அங்கே இருப்பவர்கள் இவர்களை கவனிப்பார்கள். பிடித்திருந்தால், மாணவர் படித்துக்கொண்டிருக்கும்போதே பயிற்சி ஒப்பந்தம் கொடுத்துவிடுவார்கள். அதாவது, பட்டம் வாங்க இன்னும் ஓராண்டோ இரண்டாண்டோ இருக்கும்போதே இடம் உறுதியாகிவிடும்.

மதிப்பெண் பார்ப்பார்களா? பார்ப்பார்கள். முதல் ஆண்டு மதிப்பெண்ணையே பார்க்கும் இடங்களும் உண்டு. அதனால் முதல் ஆண்டில் தடுமாறியவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். வெளிநாட்டில் படிப்பவர்களுக்கு இன்னொரு சிரமம். லண்டனில் உட்கார்ந்துகொண்டு சிங்கப்பூர் நிறுவனத்தின் பார்வையில் படுவது எளிதில்லை; விடுமுறைக்கு வரும் அந்தச் சில வாரங்கள்தான் வாய்ப்பு.

குடும்பத்தில் ஏற்கெனவே வழக்கறிஞர் இருந்தால் இதெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடும். வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போன பிள்ளைக்கு யார் சொல்வது? பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பிரிவு, மூத்த மாணவர்கள், சட்ட மாணவர் சங்கம் எல்லாம் அதற்குத்தான் இருக்கின்றன. கூச்சப்படாமல் முதல் ஆண்டிலேயே போய்க் கேளுங்கள்.

பெரிய நிறுவனம் மட்டும்தான் நல்லது என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். பெரிய இடத்தில் நல்ல பயிற்சித் தொகை, பெரிய வழக்குகள், வகுப்பு வைத்துச் சொல்லித்தரும் வசதி எல்லாம் உண்டு. ஆனால் ஒரு பிரம்மாண்ட வழக்கின் சின்ன மூலையில்தான் நீங்கள் இருப்பீர்கள். சின்ன அலுவலகத்தில் முதல் மாதமே வாடிக்கையாளர் முன்னால் உட்கார வைப்பார்கள். விவாகரத்து, விபத்து இழப்பீடு, வாடகைத் தகராறு, உயில் என்று மனிதர்களின் பிரச்சினைகளை நேரில் பார்க்கலாம். எது உங்களுக்கு ஒத்துவரும் என்பது வேறு கேள்வி.

அந்த ஓராண்டில் என்னதான் வேலை?

தொலைக்காட்சி நாடகம் மாதிரி எழுந்து நின்று "ஆட்சேபம், மாண்புமிகு நீதிபதி அவர்களே!" என்று சொல்லும் வேலை இல்லை. முதலில் அதை மறந்துவிடுங்கள்.

வழக்குப் பிரிவில் இருந்தால் முதல் வேலை தேடல். லாநெட் என்ற சட்டத் தகவல் தளத்தில் பழைய தீர்ப்புகளைத் துருவ வேண்டும். "இதே மாதிரி வழக்கில் நீதிமன்றம் முன்பு என்ன சொன்னது?" என்று மேற்பார்வையாளர் காலையில் கேட்டால், சாயங்காலம் இரண்டு பக்கக் குறிப்பு மேசையில் இருக்க வேண்டும். பிரமாணப் பத்திரங்களின் முதல் வரைவை எழுதுவது, நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்களைத் தேதிவாரியாக அடுக்கி ஆவணக் கட்டுத் தயாரிப்பது, மின்னியல் முறையில் நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது எல்லாம் உங்கள் தலையில்தான்.

தேதிதான் இங்கே எல்லாம். சிங்கப்பூரில் ஒருவரிடம் சிவில் வழக்கின் கோரிக்கை அறிக்கை ஒப்படைக்கப்பட்டால், வழக்கை எதிர்க்கப்போவதாக அவர் 14 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். எதிர்வாத அறிக்கையை 21 நாள்களுக்குள் கொடுக்க வேண்டும். தவறவிட்டால், அவர் தரப்பு வாதத்தைக் கேட்காமலேயே தீர்ப்பு வந்துவிடக்கூடும். நாள்காட்டியில் ஒரு கட்டத்தைத் தப்பாகக் குறித்தால் ஒருவருடைய கடை, வீடு, சேமிப்பு போகலாம். வகுப்பில் இது ஒரு விதி எண். அலுவலகத்தில் அது மனிதர்.

நிறுவனச் சட்டப் பிரிவில் இருந்தால் வேறு மாதிரி. கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் பதிவேட்டில் ஒரு நிறுவனத்தின் இயக்குநர்கள் யார், பங்குகள் யார் கையில் என்று தேடுவது. நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களைப் படித்து ஆபத்தான பிரிவுகளைக் குறித்துவைப்பது. வீடு, மனைப் பிரிவில் இருந்தால் உரிமைப் பத்திரத் தேடல், முத்திரைத் தீர்வை, மத்திய சேம நிதிப் பணம் என்று போகும்.

இதோடு 'டைம்ஷீட்' என்று ஒன்று உண்டு. பல நிறுவனங்களில் ஒவ்வொரு 6 நிமிடத்துக்கும் கணக்கு எழுத வேண்டும். வாடிக்கையாளரிடம் எத்தனை மணி நேரத்துக்குக் கட்டணம் கேட்பது என்பதற்கு அதுதான் அடிப்படை. காப்பி குடிக்கப் போன நேரத்துக்குக் கணக்கில் இடம் இல்லை!

இன்னொன்று, ரகசியம். நீங்கள் பயிற்சியில் இருப்பவர்தான், இருந்தாலும் வாடிக்கையாளரின் விஷயம் உங்களிடம் வந்துவிட்டால் அது வெளியே போகக்கூடாது. "இன்னிக்கு ஆபீஸ்ல ஒரு பிரபலம் வந்தாரு" என்று இன்ஸ்டகிராமில் போட்டால் கதை முடிந்தது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே?

மேலே சொன்ன வேலைகளை மறுபடி பாருங்கள். தீர்ப்பு தேடுவது, ஒப்பந்தம் படிப்பது, முதல் வரைவு எழுதுவது. இவற்றில் பலவற்றைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சில நிமிடங்களில் செய்கின்றன. இந்த வேலைகள் மூலம்தான் தலைமுறை தலைமுறையாக இளம் வழக்கறிஞர்கள் தொழில் கற்றார்கள். கருவி அதைச் செய்துவிட்டால், புதிதாக வருபவர் எதைச் செய்து கற்பார்? எல்லா நிறுவனங்களும் இப்போது யோசிக்கும் விஷயம் இது.

சிங்கப்பூர் நீதிமன்றங்கள் அந்தக் கருவிகளைத் தடை செய்யவில்லை. அக்டோபர் 2024 முதல் நடப்பில் உள்ள வழிகாட்டியின் சாரம் இதுதான்: பயன்படுத்தலாம், ஆனால் நீதிமன்றத்தில் கொடுக்கும் ஒவ்வொரு வரிக்கும் நீங்களே பொறுப்பு. 2025ல் ஒரு சிவில் வழக்கில் அதன் பொருள் என்ன என்று தெரிந்தது. இல்லவே இல்லாத ஒரு வழக்கை வழக்கறிஞர் மேற்கோள் காட்டியிருந்தார். அலுவலகத்தில் இருந்த இளம் வழக்கறிஞர் செயற்கை நுண்ணறிவுக் கருவி மூலம் எடுத்த மேற்கோள் அது. யாரும் சரிபார்க்கவில்லை. எதிர்த்தரப்புக்கு 800 வெள்ளியைத் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்கும்படி வழக்கறிஞருக்கு உத்தரவிடப்பட்டது.

தொகை சின்னது. ஆனால் ஒரு வழக்கறிஞரின் பெயர் அதைவிடப் பெரியது. கருவி கொடுத்ததைத் தீர்ப்பின் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வருவது இந்த ஓராண்டில்தான்.

தமிழ் தெரிந்தால் உதவுமா?

உதவும். சட்டத்தின் மொழி ஆங்கிலம்தான். நீதிமன்றத்தில் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பு, அலுவலக அறையில் ஒருவர் தம் கதையைச் சொல்ல வேண்டும். வேலையிடத்தில் காயமடைந்த தமிழ்நாட்டு ஊழியரோ, உயில் எழுத வந்த பாட்டியோ, எந்த மொழியில் மனம் விட்டுப் பேசுவார்கள்? அந்த அறையில் "சொல்லுங்கண்ணே, அன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்க ஆள் இருந்தால், ஆங்கிலத்தில் விட்டுப்போகும் விவரம் வெளியே வரும். இலவசச் சட்ட ஆலோசனை நடத்தும் புரோ போனோ எஸ்ஜி போன்ற அமைப்புகளில் தொண்டூழியம் செய்பவர்களுக்கும் இது பொருந்தும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வீட்டுத் தமிழ் வேறு, 'ஜாமீன்', 'பிரமாணப் பத்திரம்', 'இழப்பீடு', 'சமரசம்' பேசும் தமிழ் வேறு. அந்தச் சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள்.

தேர்வு, பயிற்சி இரண்டும் முடிந்தால் போதுமா?

போதாது. நாணயமும் வேண்டும். வழக்கறிஞராகச் சேர விண்ணப்பிப்பவர் அதற்குத் தகுந்தவரா என்று நீதிமன்றம் பார்க்கும்.

2020ல் நடந்த பகுதி பி தேர்வில் 11 பேர் ஏமாற்றியது பின்னர் தெரியவந்தது. கொவிட் காலம், தேர்வு இணையம் வழி நடந்தது. சிலர் வாட்ஸ்அப்பில் விடைகளைப் பகிர்ந்திருந்தார்கள். ஏப்ரல் 2022ல் அவர்களில் 6 பேரின் விண்ணப்பம் உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, ஐவரை ஆறு மாதமும் ஒருவரை ஓராண்டும் காத்திருக்கச் சொன்னார் நீதிபதி. மதிப்பெண் எவ்வளவு என்பது அங்கே பேச்சாகவே இல்லை.

பயிற்சிக்காலத்திலும் அதேதான். தவறு செய்தால் உடனே சொல்லிவிடுங்கள். தவறான தேதியைக் குறித்தவரை மன்னிப்பார்கள். மறைத்தவரை நம்ப மாட்டார்கள்.

அக்கம்பக்கத்தில் எப்படி?

மலேசியாவில் இதற்குச் 'சேம்பரிங்' என்று பெயர், 9 மாதம். 1976ஆம் ஆண்டின் சட்டப்படி, குறைந்தது 7 ஆண்டு தொழில் நடத்திய வழக்கறிஞரின் கீழ் இருக்க வேண்டும். மூன்று மாதம் ஆனதும் 'ஷார்ட் கால்' வாங்கினால் சில விஷயங்களுக்கு நீதிமன்றத்தில் முன்னிலையாகலாம். முழுத் தகுதிக்கு 'லாங் கால்'. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பலர் அதற்கு முன் சிஎல்பி தேர்வைத் தாண்ட வேண்டும்.

இங்கிலாந்தில் 2021ல் முறை மாறியது. சொலிசிட்டர் ஆக இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். ஆனால் அதை நான்கு இடங்கள் வரை பிரித்துச் செய்யலாம். ஒரே நிறுவனத்தின் தயவை நம்பியிருக்க வேண்டியதில்லை. நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டர் ஆக விரும்புபவருக்குத் தனியாக ஓராண்டுப் பயிற்சி.

எல்லா இடத்திலும் ஒரே சிக்கல்தான்: புத்தகத்தில் இல்லாததை யார் சொல்லித்தருவது, அதற்கு யார் காசு கொடுப்பது?

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

இடம் கிடைத்த சந்தோஷத்தில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடுபவர்கள் நிறைய. நீங்கள் சட்டம் படித்தவர். உங்கள் வாழ்க்கையின் முதல் ஒப்பந்தத்தையாவது முழுசாகப் படியுங்கள்! பிறகு இவற்றைக் கேளுங்கள்:

• என் மேற்பார்வையாளர் யார்? அவருக்குக் கீழே இன்னும் எத்தனை பயிற்சியாளர்கள்?

• ஓராண்டில் எந்தெந்தத் துறையில் இருப்பேன்? நடுவில் துறை மாறலாமா?

• பயிற்சித் தொகை எவ்வளவு? மத்திய சேம நிதி, மருத்துவச் செலவு, விடுப்பு பற்றி என்ன சொல்கிறீர்கள்?

• கடந்த ஆண்டு பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேரை வேலையில் வைத்துக்கொண்டீர்கள்? பயிற்சி முடிந்ததும் நிறுவனம் உங்களை வேலைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். முடிவு எப்போது சொல்வார்கள் என்றும் கேளுங்கள். கடைசி வாரத்தில் "இல்லை" என்று தெரிவதைவிட மூன்று மாதம் முன்பு தெரிவது நல்லது.

• பயிற்சிக்குப் பிறகு இவ்வளவு காலம் இங்கேயே இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறதா?

• மேற்பார்வையாளர் நடுவில் நிறுவனம் மாறிவிட்டால் என் பயிற்சி என்ன ஆகும்?

இதையெல்லாம் கேட்டால் தப்பா நினைப்பார்களோ என்ற பயம் வரும். நல்ல நிறுவனம் தப்பா நினைக்காது. எல்லாவற்றையும் நேர்காணலில் கேட்கத் தயக்கமாக இருந்தால், அங்கே போன ஆண்டு பயிற்சி செய்தவரைத் தேடிப்பிடித்து ஒரு காப்பி வாங்கிக்கொடுங்கள். எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவார்கள், தவறு செய்தால் கத்துவார்களா, சொல்லித்தருவார்களா என்பதெல்லாம் எந்த இணையத்தளத்திலும் இருக்காது. அவருக்குத் தெரியும்.

பயிற்சியின்போது பிரச்சினை வந்தால், என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தனியாகத் தாங்கிக்கொண்டிருக்காமல், நிறுவனத்தின் மனிதவளப் பிரிவையோ சட்டக் கல்விக் கழகத்தையோ அணுகுங்கள். சான்று கையெழுத்தாக வேண்டுமே என்ற பயத்தில் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வது பயிற்சி இல்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளை பட்டம் வாங்கிய பிறகும் ஒன்றரை ஆண்டு "இன்னும் படிக்கிறான்", "இன்னும் பயிற்சியில இருக்கா" என்று சொல்ல வேண்டியிருக்கும். அது தோல்வி இல்லை, முறையே அப்படித்தான். இரவு 10 மணிக்கு வீடு வரும் பிள்ளையிடம் "எப்ப கன்ஃபர்ம் பண்ணுவாங்க?" என்று தினமும் கேட்காமல், "இன்னிக்கு என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். வாரக்கணக்கில் அதற்குப் பதில் வரவில்லை என்றால், அந்த இடத்தைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.